டர்பனிலிருந்து உயர்மலை நடைக்குச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வாழும் நம்மவர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. டிராகென்ஸ்பர்க் மலையில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியதும், அடுத்து தான்சானியாவின் கிளிமஞ்சாரோவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை ஆண்டுதோறும் யாராவது இருவருக்கு வந்துவிடுகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். கிளிமஞ்சாரோவில் ஒருமுறை பாதியில் திரும்பி, மறுமுறை உச்சியைத் தொட்டவன்.

ஒரு மலைநடை எவ்வளவு கடினம் என்பதை எதை வைத்து மதிப்பிடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது உச்சியின் உயரத்தை. அடுத்துக் கேட்பது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதை. இவ்விரண்டையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கிறோம்? பகலில் 4,500 மீட்டருக்கு ஏறிவிட்டு இறங்கி 3,900 மீட்டரில் உறங்குபவனின் உடலும், நேராக 4,500 மீட்டருக்கு ஏறி அங்கேயே உறங்குபவனின் உடலும் மறுநாள் காலையில் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே பயணத் திட்டம் கையில் கிடைத்ததும், உச்சியின் படத்தைப் பார்க்காமல் ஒரு தாளில் இரவுகளை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே படுக்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவுக்கும் அடுத்த இரவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பயணத்தின் உண்மையான கடினம்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை மூன்று உண்டு. மிக நீண்ட நாளில் எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும், கால் வைக்கும் தரை எப்படிப்பட்டது, உடம்பு சரியில்லாமல் போனால் எவ்வளவு விரைவாகக் கீழே இறங்க முடியும் என்பவை அவை. கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதே இல்லை. கிளிமஞ்சாரோ தனித்து நிற்கும் மலை. எங்கே நின்றாலும் இறங்கு திசை இருக்கிறது. வேறு சில மலைகளில், உயரமான பீடபூமியைக் கடந்தபின் திரும்பிவர மீண்டும் ஒரு கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டியிருக்கும். உச்சி தாழ்வானதாக இருந்தாலும் அந்த வழி ஆபத்து கூடியது.

இரவுக் கணக்கை ஓர் உதாரணத்துடன் விளக்க முடியுமா?

அமெரிக்காவின் வைல்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டி வகுத்துள்ள நெறி இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓர் இரவு தங்க வேண்டும்.

இப்போது கிளிமஞ்சாரோவின் மராங்கு வழியை எடுத்துக்கொள்வோம். மரக்குடில்களில் கட்டிலும் மெத்தையும் கிடைக்கும் என்பதால் இதை எளிய வழி என்று பலர் நினைக்கிறார்கள். முதல் இரவு மண்டாரா, ஏறக்குறைய 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் இரவு கிபோ, 4,720. அன்றைக்கு நள்ளிரவிலேயே எழுந்து 5,895 மீட்டர் உயரமுள்ள உஹூரு உச்சிக்குப் புறப்பட வேண்டும். ஒவ்வோர் இரவும் 1,000 மீட்டர் கூடுகிறது. நெறி சொல்லும் அளவைப்போல் இரண்டு மடங்கு இது. ஐந்து நாளில் முடியும் என்பதாலும் செலவு குறைவு என்பதாலும் இதைத் தேர்ந்தெடுக்கிறோம். பாதை எளிது, ஆனால் பயணம் எளிதன்று. ஹொரொம்போவில் ஓர் இரவு கூட்டித் தங்கும் ஆறு நாள் திட்டம் இதைவிட எவ்வளவோ மேல்.

மச்சாமே வழியில் கூடாரத்தில்தான் படுக்கை, பாதையும் கரடுமுரடு. முதல் இரவு 2,850 மீட்டரை ஒட்டியும், இரண்டாம் இரவு ஷிராவில் 3,840 மீட்டரை ஒட்டியும் படுக்கிறோம். இந்தத் தாவல் பெரியதுதான். ஆனால் மூன்றாம் நாள் 4,600 மீட்டரில் இருக்கும் ‘லாவா டவர்’ என்ற எரிமலைப் பாறைக்கோபுரம் வரை ஏறிவிட்டு, பரங்கோவில் 3,960 மீட்டருக்கு இறங்கிப் படுக்கிறோம். நான்காம் இரவு கரங்காவில், ஏறக்குறைய அதே உயரம். ஐந்தாம் இரவுதான் பராஃபுவில் 4,650 மீட்டர். உடலுக்கு நடுவில் இரண்டு இரவுகள் அவகாசம் கிடைக்கிறது. இதே ஏற்பாட்டுடன் தொடக்கத்தில் இன்னும் மெதுவாக ஏறுவது எட்டு நாள் லெமோஷோ வழி. என்னிடம் கேட்டால், பணத்தை எதில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், நாட்களில் மட்டும் பிடிக்காதீர்கள் என்பேன்.

உயரத்தில் உடலுக்கு என்னதான் நடக்கிறது?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். மாறுவது காற்றின் அழுத்தம். டர்பன் கடற்கரையில் நாம் இழுக்கும் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில், 3,000 மீட்டரில் கிடைப்பது ஏறக்குறைய 70 விழுக்காடு. உஹூரு உச்சியில் பாதிதான். உடல் இதற்கு ஈடுகொடுக்க மூச்சை ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யப் பல நாட்கள் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பல நாட்களைத்தான் நாம் கொடுக்கத் தவறுகிறோம்.

ஏற்பாட்டாளரின் பக்கத்தில் ‘நடுத்தரம்’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

யாருக்கு நடுத்தரம் என்று கேட்டுப் பாருங்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்ற சொற்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. சுவிட்சர்லாந்தில் டி1 முதல் டி6 வரை ஆறு படிகள் கொண்ட தர அளவு புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் வகுப்பு 1 முதல் 5 வரை கணக்கிடுகிறார்கள். ஆனால் இவை இரண்டும் தரையின் கடினத்தை அளக்கின்றனவே தவிர உயரத்தின் கடினத்தை அளப்பதில்லை. கிளிமஞ்சாரோவின் வழக்கமான வழிகளில் கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. பரங்கோ பாறைச்சுவரில் மட்டும் சில இடங்களில் கையூன்றி ஏற வேண்டும். தரையை வைத்துப் பார்த்தால் நடுத்தரம் என்பது சரியே. அந்தச் சொல்லை நம்பிப் போனவர்களைத் திருப்பி அனுப்புவது தரை அன்று.

ஒரு நாள் நடைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நாமே கணக்கிடலாமா?

கணக்கிடலாம். 1892இல் வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன எளிய கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 18 கிலோமீட்டர் நடையில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால், நடைக்கு 3 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி நேரம், ஆக மொத்தம் 5 மணி 36 நிமிடம். இதில் உணவுக்கும் ஓய்வுக்கும் இடமில்லை. முதுகில் சுமை இருந்தால் பாதியளவு கூட்டிக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கு உயரத்தில் எப்படி உடைகிறது என்பதையும் பாருங்கள். பராஃபு முகாமிலிருந்து உச்சி வரை தொலைவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டருக்குச் சற்று மேல். நேஸ்மித் கணக்கின்படி மூன்று மணி நேரத்தில் போய்விட வேண்டும். உண்மையில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகிறது. நம்முடைய டிராகென்ஸ்பர்க் நடைகளில் நீங்கள் கணக்கிட்ட நேரத்துக்கும் உண்மையில் எடுத்த நேரத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், உங்கள் வேகத்தைப் பற்றிய பொய் நம்பிக்கை சீக்கிரமே கலைந்துவிடும்.

காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடி முடித்திருக்கிறேன். எனக்கு இந்தப் பயிற்சியெல்லாம் தேவையா?

காம்ரேட்ஸ் ஓடியவருக்கு நீண்ட நேரம் தளராமல் நடக்கும் கால்களும் நெஞ்சுரமும் இருக்கும். அவை வீணாகப் போகா. ஆனால் உயரத்துக்குப் பழகாத உடலுக்கு வரும் உயர நோயிலிருந்து உடல்தகுதி யாரையும் காப்பதில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை வயதோ தசையோ சொல்லிவிடுவதில்லை. முன்பு உயரத்தில் எப்படி இருந்தோம் என்பதுதான் ஓரளவுக்கு நம்பத்தக்க குறிப்பு. ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு: மெதுவாக நடக்க அவர்களுக்கு வராது. அங்குள்ள வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்று சுவாஹிலியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மெதுவாக, மெதுவாக என்று பொருள். அவர்கள் நடக்கும் வேகத்தைப் பார்த்தால் திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளை வருவதைப்போல் இருக்கும். அதே வேகத்தில் நடங்கள்.

காவடி எடுத்திருக்கிறேன், தீ மிதித்திருக்கிறேன், மன உறுதி இருக்கிறது என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். மன உறுதி உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தலைவலியை வெளியே சொல்லாமல் நடப்பவர்கள் அவர்களே.

உயர நோயை எப்படி அறிந்துகொள்வது?

2,500 மீட்டருக்கு மேல் போன சில மணி நேரத்துக்குள் தலைவலி வந்து, அத்துடன் குமட்டல், பசியின்மை, அளவுக்கு மீறிய சோர்வு, தலைச்சுற்றல் இவற்றுள் ஏதாவது சேர்ந்தால் அதை உயர நோய் என்றே கொள்ள வேண்டும். வெயில், தூக்கமின்மை, நேற்றைய சாப்பாடு என்று காரணம் தேடக் கூடாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறையில் தலைவலி, வயிறு, சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறார்கள். தலைவலியுடன் மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர நோய் உறுதி. இலேசாக இருந்தால் அதே உயரத்தில் நின்று ஓய்வெடுக்க வேண்டும். குறையாவிட்டால், கூடினால், இறங்க வேண்டும்.

உயிரைப் பறிக்கும் வடிவங்கள் இரண்டு. மூளை வீங்கும்போது நடை தள்ளாடும், பேச்சு குழறும், நடத்தை மாறும். நுரையீரலில் நீர் சேரும்போது உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கும், இருமல் விடாது, பின்னர் நுரை கலந்த சளி இளஞ்சிவப்பாக வரும். இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டிலேயே, துணையுடன், 300 முதல் 1,000 மீட்டராவது நோயாளியை உடனே கீழே கொண்டுபோக வேண்டும்.

என் முதல் பயணத்தை இங்கே சொல்ல வேண்டும். ஐந்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று ஓர் ஏற்பாட்டாளர் சொன்னதை நம்பி நானும் தம்பியும் மராங்கு வழியில் போனோம். கிபோவின் கல்வீட்டில் இரவு பதினொரு மணிக்கு எழுப்பித் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். இடது காலணியின் கயிற்றைக் கட்டியதும் எனக்கு மூச்சு இரைத்தது; நிமிர்ந்து உட்கார்ந்து பத்து மூச்சு விட்டபிறகுதான் வலது காலணிக்குக் குனிய முடிந்தது. தலை வலிக்கிறதா என்று வழிகாட்டி கேட்டபோது இருவருமே இல்லை என்றோம். எனக்கு மண்டை பிளந்தது. தம்பிக்கும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்குத் தெரியாது. அண்ணன் பயப்படுவான் என்று அவனும், தம்பி திரும்பிவிடுவான் என்று நானும் மறைத்தோம். ஏறக்குறைய 5,150 மீட்டரில் உள்ள ஹான்ஸ் மேயர் குகை அருகே வழிகாட்டி என்னை நிறுத்தி, நெற்றிவிளக்கின் வெளிச்சத்தில் மணலில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை நுனிவிரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் நான் கோட்டுக்கு வெளியே இருந்தேன். இருவரையும் அப்போதே இறக்கிவிட்டார். ஹொரொம்போவை அடைந்தபோது தலைவலி பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரவு உணவுக்கு உட்காரும்போது ஒவ்வொருவரும் மேற்சொன்ன நான்குக்கும் தங்கள் மதிப்பெண்ணை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். வயதில் மூத்தவர் முதலில் தொடங்க வேண்டும். மூத்தவரே தலைவலி இரண்டு என்று சொல்லிவிட்டால், இளையவர்களுக்கு மறைக்கத் தோன்றாது.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

அசெட்டசோலமைடு என்ற அந்த மருந்து உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது. நோய் அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. தடுப்புக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, ஏற்றத்துக்கு முந்தைய நாளே தொடங்கி. விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும், கோலா பானம் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டர்பனிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்து ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது. மோசமான திட்டத்தை இந்த மாத்திரை நல்ல திட்டமாக்கிவிடாது.

டிராகென்ஸ்பர்க்கில் எந்த நடைகள் பயிற்சிக்கு ஏற்றவை?

ஜூலு மொழியில் உகஹ்லாம்பா, ஈட்டிகளின் அரண் என்று அழைக்கப்படும் இந்த மலைத்தொடர் நமக்குச் சில மணி நேரக் கார் பயணத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. தென்னாப்பிரிக்காவின் மிக உயர்ந்த புள்ளியான மஃபாடி, 3,450 மீட்டர், இதன் விளிம்பில்தான் இருக்கிறது.

முதல் படியாகச் சென்டினல் வழியை நான் சொல்வேன். வண்டி நிறுத்துமிடமே 2,500 மீட்டரை ஒட்டி இருப்பதால் ஏற்றம் அதிகமில்லை. அங்கிருந்து பாறைமுகத்தைச் சுற்றி நடந்து, இரும்புச் சங்கிலி ஏணிகளில் ஏறினால் ஆம்பிதியேட்டர் என்ற பெரும் பாறைச்சுவரின் மேற்பரப்பில், துகேலா அருவி விழத் தொடங்கும் விளிம்புக்குப் போய்விடலாம். ஏணிகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவை பாறையை ஒட்டித் தொங்குவதால், படியில் பாதத்தின் முன்பகுதி மட்டுமே பதியும், கைப்பிடியாகப் பற்றும் இரும்பு விடியற்காலையில் பனிக்கட்டிபோல் இருக்கும், பிடித்த விரல்முட்டிகள் பாறையில் உரசும். மெல்லிய கையுறை ஒன்று பையில் இருக்கட்டும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுமா என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இடி இடிக்கும்போது அந்த இரும்பின் அருகில் நிற்காதீர்கள். கோடையில் பிற்பகலில் இடிமழை அன்றாட நிகழ்ச்சி என்பதால், விடியும் முன்பே புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

அடுத்த படி, 3,004 மீட்டர் உயரமுள்ள கதீட்ரல் பீக். ஒரே நாளில் நீண்ட ஏற்றமும் அதே அளவு இறக்கமும் உள்ள இந்த நடை, கால்களின் நிலைமையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். உச்சியருகே கைகளால் பற்றி ஏற வேண்டிய பாறைகள் உண்டு. ஈரமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது, நடையே இல்லாத பயிற்சி. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் சானி கணவாய் ஏறி, லெசோத்தோ பக்கத்தில் 2,870 மீட்டரை ஒட்டிய உயரத்தில் ஓரிரு இரவு உறங்குங்கள். கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் அந்த உயரத்துக்குப் போனால் உங்கள் தலையும் வயிறும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்துவிடும். கடவுச்சீட்டு தேவை, எல்லைச்சாவடி மாலையில் மூடிவிடும். இந்தப் பழக்கத்தை உடல் சேமித்து வைத்துக்கொள்ளாது, சில வாரங்களில் கரைந்துவிடும். உங்கள் உடலைப் பற்றிய அறிவு மட்டும் மிஞ்சும்.

மலை உச்சிப் பகுதியில் நடைக்காரர்களிடம் வழிப்பறி நடந்திருக்கிறது. மூவருக்குக் குறையாமல் போவதும், நுழைவிடத்தில் உள்ள மலைமீட்புப் பதிவேட்டில் பெயரையும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போவதும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் வார நாட்களில் எப்படிப் பயிற்சி செய்வது?

நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி: அலுவலகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஏறி இறங்குங்கள், மின்தூக்கியில் இறங்குவது ஏமாற்று வேலை. ஒரு நாள் கால், இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை. க்ளூஃபில் உள்ள கிராண்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கில் விளிம்பிலிருந்து ஆறு வரை இறங்கி ஏறுவதை ஒரே காலையில் இரண்டு முறை செய்ய முடிந்தால் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். சுமையை 3 கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டி 8 கிலோ வரை கொண்டுபோங்கள். கிளிமஞ்சாரோவில் நம் முதுகில் இருப்பது அவ்வளவுதான். சனி ஞாயிறு அடுத்தடுத்து நடப்பது மிக முக்கியம், ஏனென்றால் மலையில் களைத்த காலோடுதான் ஒவ்வொரு காலையும் தொடங்குகிறது. பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜோஹன்னஸ்பர்கில் வாழும் உறவினர்களுக்கு நம்மைவிட நன்மை உண்டா?

அவர்கள் ஏறக்குறைய 1,750 மீட்டரில் வாழ்வதால் முதல் ஓரிரு நாட்கள் சற்று எளிதாக இருக்கும். 4,000 மீட்டருக்கு மேல் அந்த நன்மையை நம்பி நாட்களைக் குறைக்க முடியாது.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. போகலாமா?

நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிது, ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன். கட்டுப்பாட்டில் இருந்தால் பலர் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் போகலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் பயணத்தின் உயரத்தையும் நாட்களையும் எழுதிக் காட்டியபிறகு. நாள் முழுவதும் நடக்கும்போது சர்க்கரை தாழும். பசியும் குறைந்திருப்பதால் இன்னும் தாழும். தாழ்ந்த சர்க்கரையின் நடுக்கமும் குழப்பமும் உயர நோயின் அறிகுறிகளைப்போலவே இருப்பதால், தள்ளாடுபவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பது வழிகாட்டிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குளிரிலும் உயரத்திலும் சர்க்கரை அளக்கும் கருவி தவறாகக் காட்டக்கூடும். இன்சுலின் உறைந்துவிட்டால் கெட்டுவிடும். இரண்டையும் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இரவில் உறக்கப்பைக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மருந்துகளில் சில இதயத் துடிப்பு அதிகரிக்காமல் தடுக்கும், சில உடலின் நீரைக் குறைக்கும். மாற்றுவதா வேண்டாமா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

புரட்டாசியில் பயணம் அமைந்துவிட்டது. மரக்கறி உணவும் விரதமும் சாத்தியமா?

செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வறண்ட பருவத்துக்குள் வருவதால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. மரக்கறி உணவு ஒரு சிக்கலே இல்லை. சோறு, உருளைக்கிழங்கு, பருப்பு, காய்க்குழம்பு, சப்பாத்தி எல்லாம் முகாம் சமையற்காரர் செய்துவிடுவார், முன்பே சொல்லிவிட்டால் போதும். ஒருவேளை உணவை விடும் விரதத்தை மட்டும் மலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தில் பசியே எடுக்காது. கட்டாயப்படுத்திச் சாப்பிட வேண்டிய இடத்தில் விரதம் உடலுக்குப் பகை. நான் எலுமிச்சை ஊறுகாயும் வறுத்த கடலையும் கொண்டுபோவேன். 4,000 மீட்டரில் எதுவும் வாய்க்குப் பிடிக்காதபோது ஊறுகாய் தொட்ட சோறு மட்டும் இறங்கியது.

உடையும் கருவிகளும் எவை?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். டர்பனில் 25 டிகிரி என்றால் உஹூருவில் உறைநிலைக்குக் கீழே 13. காற்றையும் சேர்த்தால் இன்னும் கடுமை. பருத்தி உடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும் என்பதால், உட்சட்டை முதல் காலுறை வரை பருத்தியைத் தவிர்க்க வேண்டும். உடலை ஒட்டிய மெல்லிய அடுக்கு, அதன்மேல் கம்பளி போன்ற அடுக்கு, அதன்மேல் பஞ்சு அல்லது இறகு அடைத்த மேலங்கி, வெளியே காற்றும் மழையும் புகாத அங்கி என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும்.

காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வாங்கி மூன்று மாதமாவது நடந்து பழக்குங்கள். இறகு மேலங்கி, உறக்கப்பை, ஊன்றுகோல் ஆகியவற்றை மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுக்கலாம். நீர்ப்பையிலிருந்து வரும் குழாய் உச்சி இரவில் உறைந்துவிடும். ஆகவே அன்று வாயகன்ற குப்பியில் வெந்நீர் நிரப்பி, தலைகீழாகப் பையில் வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும் என்பதால் மூடிப்பக்கம் திறந்திருக்கும். நெற்றிவிளக்கின் மின்கலத்தையும் கைபேசியையும் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

கிளிமஞ்சாரோவுக்கு ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் இறுதி முதல் அக்டோபர் வரையும் நல்ல பருவம். மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை.

ஏற்பாட்டாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிளிமஞ்சாரோவில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. ஆகவே ஏற்பாட்டாளர் ஒருவர் தேவைதான். உச்சியை அடைந்தவர்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்காதீர்கள். அழகான எண் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். யாருக்காவது இரவில் இறங்க வேண்டி வந்தால் எந்த வழிகாட்டி கூட இறங்குவார், மற்றவர்களோடு யார் இருப்பார், மாலைதோறும் உடல்நிலையை யார் எப்படிக் கேட்பார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்லது. சுமையாளர் ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. அவர்களுக்குக் கூடாரமும் மூன்று வேளை உணவும் உண்டா என்றும் கேட்க வேண்டும். நம் பாட்டன்மார் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள்; சுமை தூக்குபவனின் கூலியில் பிடித்தம் செய்து மலிவாகும் பயணம் நமக்கு எதற்கு?

பயணக் காப்பீட்டில் உயர வரம்பு என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கும். 5,895 மீட்டரைத் தாண்டிய வரம்பும் ஹெலிகாப்டர் மீட்பும் உள்ளனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் இதைவிட எளிதா?

உயரம் குறைவு, ஏறக்குறைய 5,360 மீட்டர். நாட்கள் அதிகம், போய்வரப் பன்னிரண்டு நாளை ஒட்டி ஆகும். உடலுக்கு அவகாசம் கிடைப்பதால் பலருக்கு அதுவே எளிதாக இருக்கிறது. ஆனால் நீண்ட நாள் குளிர், இருமல், வயிற்றுக் கோளாறு ஆகியவை அங்கே சோதிக்கும்.

இறக்கம் எளிதுதானே?

மச்சாமே, லெமோஷோ வழிகளில் உச்சி நாளன்று காலையில் 5,895 மீட்டரில் நிற்பவர், மாலையில் ஏறக்குறைய 3,100 மீட்டரில் உள்ள ம்வேகா முகாமில் படுக்கிறார். தூங்காத இரவுக்குப் பிறகு 2,800 மீட்டர் இறக்கம். விபத்தும் சுளுக்கும் பெரும்பாலும் இங்கேதான். ஊன்றுகோலைச் சற்று நீட்டி, முழங்காலை மடக்கி, சிறு அடிகளாக வையுங்கள். பயிற்சியின்போது இறக்கத்துக்கும் ஏற்றத்தின் அளவு நேரம் ஒதுக்குங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், இறங்கத் தொடங்கும் முன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். நான் மறந்துவிட்டு இறங்கினேன். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, தீபாவளிக்குள் விழுந்துவிட்டன.